மஞ்சக் கோட்டுலதான் போனேன், ஆனாலும் இறக்கை இடிச்சிடுச்சு. தப்பு யாரோடது?

சின்னமனூர்_சிறகு:

வணக்கம் மக்களே. ஃப்ளோரிடாவுல ஒரு சின்ன ஃப்ளையிங் ஸ்கூல்ல ட்ரெய்னிங்ல இருக்கேன், ஸ்கூல் பேரு வேணாம். 27 மணி நேரம் ஆச்சு, பிரைவேட் லைசென்ஸ் இன்னும் வரல. இதுவரைக்கும் செஸ்னா 172, போன வாரம்தான் பைப்பர் ஆர்ச்சர்ல உக்கார வச்சாங்க.

வெள்ளிக்கிழமை காலைல ஸ்டார்ட் பண்ணி ரேம்ப்புலேர்ந்து (விமானம் நிறுத்துற தளம்) வெளிய வர்றேன், இந்த ஏர்போர்ட்டுல கன்ட்ரோல் டவர் கிடையாது, நாமளே ரேடியோவுல சொல்லிட்டு நாமளே போறதுதான். நடந்து போற வேகம்தான் இருக்கும், அதுக்கு மேல இல்ல. தரையில போட்டிருக்கிற மஞ்சக் கோட்டை விட்டு விலகவே இல்ல, சத்தியமா. காத்து எப்படி இருக்குன்னு கேக்க ரேடியோவுல ஃப்ரீக்வென்ஸி மாத்த குனிஞ்சேன், ரெண்டு செகண்டு, மிஞ்சிப்போனா மூணு. இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல டேப்லெட்ல ரூட் போட்டுட்டு இருந்தார். திடீர்னு ஒரு சத்தம், காலி எண்ணெய் டின் மேல யாரோ ஏறி மிதிச்ச மாதிரி. வண்டி அப்படியே வலது பக்கமா இழுத்துச்சு. அவர்தான் பிரேக்கை மிதிச்சு எரிபொருளை அடைக்கிற மிக்ஸ்சர் குமிழை இழுத்து இன்ஜினை நிறுத்தினார்.

இறங்கிப் பார்த்தா என் வலது இறக்கை நுனி, வரிசையில நிக்கிற ஒரு 172-ஓட வால்ல. என் பக்கம் பச்சை லைட்டோட கண்ணாடி தூள், நுனியில ஒரு கீறல். அந்த 172-ல எலிவேட்டர் (வால்ல மேல கீழ அசையுற தகடு) ஓரம் நல்லா மடங்கிப் போச்சு. அதுல ஆள் யாரும் இல்ல, யாருக்கும் அடி இல்ல, அது வரைக்கும் முருகன் காப்பாத்தினான்.

இப்போ என் கேள்வி, கோட்டுல போனவன் மேல தப்பா, பார்க்கிங் பெட்டிக்குள்ள சரியா நிறுத்தாதவன் மேல தப்பா? இது ரெக்கார்டுல ஏறி நாளைக்கு ஏர்லைன் இன்டர்வியூல வந்து நிக்குமா? நிலத்தை அடமானம் வச்சு அனுப்பியிருக்காங்க, அப்பாகிட்ட இன்னும் வாயே திறக்கல. அப்புறம் இன்னொண்ணு, வலது இறக்கை எங்க முடியுதுன்னு நீங்கள்லாம் எப்படித்தான் கணக்கு பண்றீங்க?

ஓரமா_உக்காந்து_பாக்குறவன்:

தரையில ஓட்டத் தெரியாதவனுக்கு வானத்துல என்ன வேலை ப்ரோ 😄 ஆட்டோக்காரங்களைப் பாருங்க, பாரிமுனையில ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல ஒரு விரக்கடை கேப்ல போயிட்டு வர்றாங்க.

டெக்சாஸ்_வாத்தியார்:

மேல இருக்கிற தம்பி, ஆட்டோவுக்கு ரெண்டு பக்கமும் 18 அடிக்கு கை நீட்டிக்கிட்டு இருக்காது. அதை கட்டிவிட்டு பாரிமுனையில ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

சின்னமனூர் தம்பி, முதல்ல ஒரு டீ குடி. நான் இங்க 11 வருஷமா இன்ஸ்ட்ரக்டர், இந்த மாதிரி வந்து நின்ன பசங்களை நிறையப் பார்த்தாச்சு, அதுல ரெண்டு பேர் இன்னிக்கு ஏர்லைன்ல இருக்காங்க.

தப்பு யாரோடதுன்னா நேராவே சொல்லிடறேன், ஓடிக்கிட்டு இருக்கிற வண்டியோட தப்பு. நிக்கிறது கோணலா நின்னாலும் அது நிக்குது. ஆனா அதுக்குள்ளயும் ஒரு விஷயம் இருக்கு, உன்கிட்ட இன்னும் லைசென்ஸ் இல்ல, பக்கத்துல இன்ஸ்ட்ரக்டர் உக்காந்திருக்கார், அப்போ பைலட் இன் கமாண்ட், அதாவது பொறுப்புள்ள பைலட், அவர்தான். எஃப்ஏஏ (இங்க விமானத்துறையைக் கட்டுப்படுத்துற அரசு அமைப்பு) கேள்வி கேட்டா முதல் கேள்வி அவரைத்தான் கேக்கும், டேப்லெட்டை அப்போ எதுக்கு பார்த்தீங்கன்னு. அதுக்காக நீ கையைக் கட்டிக்கிட்டு நிக்காதே, ஸ்டீயரிங் உன் கால்ல இருந்துச்சு.

மஞ்சக் கோடு விஷயத்துக்கு வருவோம். டாக்ஸிவேயில (ரன்வேக்குப் போற வழி) இருக்கிற கோடு வேற, ரேம்ப்புல இருக்கிற கோடு வேற. டாக்ஸிவேயில இவ்ளோ அகல இறக்கை வரைக்கும் போகலாம்னு கணக்கு போட்டு ரெண்டு பக்கமும் இடம் விட்டிருப்பாங்க. ரேம்ப்புல அந்த உத்தரவாதமே கிடையாது. எவனோ ஒருத்தன் சாயங்காலம் அவசரத்துல வண்டியை தள்ளி நிறுத்திட்டுப் போயிருப்பான், தரையோட கட்டுற கயிறு எட்டலன்னு மூணு அடி பின்னாடி விட்டிருப்பான், கோட்டுக்கு அது எப்படித் தெரியும். டவர் இருக்கிற ஏர்போர்ட்டுலகூட ரேம்ப் பெரும்பாலும் அவங்க கட்டுப்பாட்டுல வராது, அங்க இடிச்சா கன்ட்ரோலரைக் கை காட்ட முடியாது.

இன்னொண்ணு கேக்குறேன், யோசிச்சு சொல்லு. கோட்டுல போனேன்னு சொல்றியே, கோடு எங்க இருந்துச்சு? உன் ரெண்டு முட்டிக்கும் நடுவுலயா? அப்படின்னா நீதான் கோட்டு மேல போயிருக்கே, விமானம் போகல. உன் சீட்டு விமானத்தோட நடுவுல இல்ல, இடது பக்கம் ஒரு அடி தள்ளி இருக்கு. நீ கோட்டுக்கு நேரா உக்காந்தா முன் சக்கரம் ஒரு அடி வலது பக்கம் போகுது, அப்போ வலது இறக்கை நுனியும் ஒரு அடி கூடுதலா வெளிய போகுது. அதே சீட்டு கணக்குலதான் இடது நுனி உனக்கு 17 அடில, வலது நுனி கிட்டத்தட்ட 19 அடில, அதுவும் நடுவுல இன்ஸ்ட்ரக்டரோட தலை மறைக்கும். புதுசா ஓட்டுறவங்க இடிக்கிறதுல வலது பக்கம் நான் பார்த்த வரைக்கும் அதிகம், காரணம் இதுதான்னு நினைக்கிறேன்.

செஸ்னாவுலேர்ந்து பைப்பருக்கு மாறினதையும் சேர்த்துக்கோ. 172-ல இறக்கை தலைக்கு மேல, பக்கத்துல நிக்கிற தீயணைப்பு சிலிண்டர், பைப்பரோட இறக்கை இதெல்லாம் அடியில போயிடும், நீ 27 மணி நேரமா அதைக் கண்டுக்காம பழகிட்டே. ஆர்ச்சர்ல அதே சாமான் எல்லாம் இறக்கை உயரத்துக்கே வந்து நிக்குது. போதாததுக்கு செஸ்னாவுல பெடலுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவுல ஸ்ப்ரிங் உண்டு, மிதிச்சா கொஞ்சம் யோசிச்சுத்தான் திரும்பும். பைப்பர்ல நேரடி கம்பி, குனியும்போது கால் லேசா அழுந்தினாலே மூக்கு திரும்பிடும். நீ ரேடியோவுக்கு வலது பக்கம் குனிஞ்சே, வலது கால் அழுந்தியிருக்கும். நான் பக்கத்துல இல்ல, ஆனா பந்தயம் கட்டலாம்.

ரெக்கார்டு விஷயம். என்டிஎஸ்பி (இங்க விபத்தை விசாரிக்கிற அமைப்பு) கணக்குல 'ஆக்ஸிடென்ட்'னு ஆகணும்னா பெரிய காயம், சாவு, இல்ல பெரிய சேதம் இருக்கணும். பெரிய சேதம்னா என்னன்னு விதி 830-லயே எழுதியிருக்கு, அதுல இறக்கை நுனி, டயர், பிரேக், தரையில ப்ரொப்பெல்லர்ல படுற அடி இதெல்லாம் சேராதுன்னு பேரு போட்டே விலக்கி வச்சிருக்காங்க. உன் வண்டிக்கு ஆனது இறக்கை நுனியோட நிக்குதுன்னா நிம்மதி. அந்த 172-ஐ என்ன கணக்குல வைக்கிறதுங்கிறதை ஸ்கூலும் இன்ஷூரன்ஸும் பார்க்கணும், அதை நீ முடிவு பண்ணாதே.

நீ பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. நாசா ஒரு பாதுகாப்பு ரிப்போர்ட் முறை நடத்துது, 1976-லேர்ந்து இருக்கு, காசு கிடையாது. நடந்ததை அப்படியே எழுதி 10 நாளைக்குள்ள அனுப்பணும். தெரியாம நடந்த தப்பா இருந்து, அது ஆக்ஸிடென்ட் கணக்குல வராததா இருந்தா, பின்னாடி எஃப்ஏஏ நடவடிக்கை எடுத்தாலும் தண்டனையிலேர்ந்து அது காப்பாத்தும். இன்ஸ்ட்ரக்டரையும் தனியா ஒண்ணு எழுதச் சொல்லு. இன்டர்வியூல கேட்டா மறைக்காம சொல்லு, மறைச்சு மாட்டினவனைத்தான் வேலைக்கு எடுக்க மாட்டாங்க.

அப்பாகிட்டயும் சொல்லிடு தம்பி. உன் வாயால கேட்டா ஒரு நாள் கோவம், அடுத்தவன் வாயால கேட்டா வேற மாதிரி.

ரெஞ்ச்_ராசா:

வாத்தியார் சொன்னது சரி, நான் மெக்கானிக் பக்கத்துலேர்ந்து சொல்றேன், 18 வருஷமா ரெஞ்ச் புடிக்கிறேன், முதல் 6 வருஷம் ஊர்ல ஒரு ஃப்ளையிங் கிளப்ல.

ஒரே ஒரு கேள்வி, ப்ரொப்பெல்லர் எதுலயாவது பட்டுச்சா? படலன்னா ஸ்கூல் முதலாளிக்கு நீ லட்சக்கணக்குல மிச்சம் பண்ணியிருக்கே. பட்டிருந்தா லைகமிங் இன்ஜினைப் பிரிச்சு உள்ள க்ராங்க் ஷாஃப்ட் பின்னாடி இருக்கிற கியரையும் அதைப் புடிச்சிருக்கிற போல்ட்டையும் பார்த்தே ஆகணும், சும்மா ப்ரொப்பை ராவி விட்டுட்டு பறக்க முடியாது.

இறக்கை நுனி ஃபைபர்தான், அது சாதாரண சாமான், கழட்டி மாட்டிடலாம். ஆனா நான் நுனியைப் பார்க்க மாட்டேன், அடியைப் பார்ப்பேன். கடப்பாரை நுனியில ஒரு தட்டு தட்டினா கைப்பிடியில எப்படி அதிருது, அதே கதை. 17 அடி தள்ளி வாங்கின அடி உடம்போட இறக்கை சேர்ற இடத்துலதான் வேலை காட்டும். தகடு எங்கயாவது சுருங்கியிருக்கா, ரிவெட் தலையைச் சுத்தி கரும்புகை படிஞ்ச மாதிரி ஒரு வளையம் இருக்கா (அப்படி இருந்தா ரிவெட் ஆடுதுன்னு அர்த்தம்), எய்லெரான் (இறக்கை ஓரத்துல அசையுற தகடு) கீல் நேரா இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்க்கணும்.

அந்த 172-ஓட எலிவேட்டர்தான் நிஜமாவே கவனிக்க வேண்டியது. "ஓரம் மட்டும்தான் மடங்கியிருக்கு, தட்டி நேராக்கிடலாம்"னு எவனாவது சுத்தியலோட வந்தா விரட்டி விடு. அது பேலன்ஸ் பண்ணி மாட்டின பொருள், எடை போட்டு வச்சிருப்பாங்க, ஒட்டுப் போட்டாலோ பெயிண்ட் அடிச்சாலோ கூட திரும்ப பேலன்ஸ் பார்க்கணும். இல்லன்னா வேகத்துல படபடன்னு அடிக்க ஆரம்பிச்சு வாலையே பிச்சுக்கிட்டுப் போயிடும்.

இன்னொரு வகை இடி இருக்கு, பசங்க யாரும் அதைப் பத்தி பேசுறதில்ல. ரன்வேக்கு முன்னாடி நின்னு இன்ஜின் செக் பண்ணுவீங்கல்ல, 1800 ஆர்பிஎம் வச்சு, தலையை உள்ள விட்டு ஒவ்வொரு மீட்டரா பார்த்துக்கிட்டு. அப்போ பார்க்கிங் பிரேக் லேசா நழுவினா வண்டி தானா நகரும், உள்ள இருக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது, ஏன்னா அந்த சத்தத்துலயும் அதிர்வுலயும் நகர்றதும் நிக்கிறதும் ஒண்ணுதான். ஊர் கிளப்ல அப்படி ஒண்ணு நடந்துச்சு. பின்னாடி நின்னது மெல்ல மெல்ல ஊர்ந்து போயி முன்னாடி நின்னதோட வாலை ப்ரொப்பெல்லரால துண்டு துண்டா வெட்டிடுச்சு. ரெண்டு பேரும் உயிரோட இறங்கினாங்க. நான் போயிப் பார்த்தப்போ அந்த வால் முள்ளங்கியை வில்லை வில்லையா அரிஞ்ச மாதிரி இருந்துச்சு, வெட்டுக்கு வெட்டு கிட்டத்தட்ட ஒரே இடைவெளி, ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும். அந்த இடைவெளியை வச்சே வேகத்தைக் கணக்கு போடலாம் தெரியுமா? ரெண்டு பிளேடு, 1800 சுத்துன்னா நிமிஷத்துக்கு 3600 வெட்டு, செகண்டுக்கு 60. ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளின்னா செகண்டுக்கு 120 சென்டிமீட்டர், அதாவது மணிக்கு 4 கிலோமீட்டர் சொச்சம். நம்ம ஆளுங்க கோயில் பிரகாரம் சுத்துற வேகம்.

சிமுலேட்டர்_செல்வம்:

ஒரு சந்தேகம், 8 லட்ச ரூபா கார்லயே ரிவர்ஸ் கேமரா, சென்சார் எல்லாம் இருக்கு, கிட்ட போனா கீக் கீக்னு கத்துது. இவ்ளோ விலை விக்கிற விமானத்துல இறக்கை நுனியில ஒண்ணு வைக்க மாட்டாங்களா?

ரெஞ்ச்_ராசா:

ட்ரெய்னிங்ல ஓடுற வண்டி பாதி உங்க அப்பா வயசு செல்வம் 😄 1970-கள்ல செஞ்ச 172 இன்னும் ஓடுது. விமானத்துல ஒரு ஸ்க்ரூ புதுசா போடணும்னாலும் அதுக்கு அனுமதிப் பேப்பர் வேணும், வயரிங், எடை, செலவு எல்லாம் அப்புறம். பெரிய ஜெட்லயே நிறைய வண்டியில கிடையாது, ஆளுங்க இறக்கை கூடவே நடந்து வந்து கை காட்டுறாங்க.

ஓரமா_உக்காந்து_பாக்குறவன்:

சரி சரி, தெரியாம கிண்டல் பண்ணிட்டேன். ஆனா நடக்குற வேகத்துல இடிச்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல? தகடுதானே போகும்?

டெக்சாஸ்_வாத்தியார்:

முன்னாடி ப்ரொப்பெல்லர் சுத்துற வரைக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

2006 ஜூலை 30, விஸ்கான்சின்ல ஆஷ்காஷ். வருஷா வருஷம் அங்க நடக்கிற ஏர் ஷோவுக்கு ஆயிரக்கணக்குல சின்ன விமானம் வந்து இறங்கும். கிளம்புறதுக்காக டாக்ஸி பண்ணிட்டு (தரையில ஓடிட்டு) இருந்த வரிசையில ஒரு ஆர்வி-6, ரெண்டே சீட்டு, 23 அடி இறக்கை, வீட்டுல கட்டுற ரகம். அதுக்குப் பின்னாடி டிபிஎம் அவெஞ்சர், ரெண்டாம் உலகப் போர் காலத்து வண்டி, 54 அடி இறக்கை. அவெஞ்சருக்கு வால் பக்கம் குட்டிச் சக்கரம், அதனால தரையில நிக்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கும், பைலட்டுக்கு நேர் எதிர்ல இருக்கிறது எதுவுமே தெரியாது. இந்த ரக வண்டியை பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கிட்டேதான் போகணும். அந்த அவெஞ்சர் பின்னாலேர்ந்து ஆர்வி-6 மேல ஏறிடுச்சு. ப்ரொப்பெல்லர் பட்டு ஆர்வி-யில பயணியா உக்காந்திருந்தவர் செத்துப்போனார். ஆகாயத்துலகூட இல்ல, டாக்ஸிவேயில.

அதனால பின்னாடி பெரிய மூக்கு வண்டி எதாவது வந்தா, அவன் என்னைப் பார்த்திருப்பான்னு நினைக்காதீங்க. ரேடியோவுல பேசுங்க, வழி விட்டு ஒதுங்குங்க.

ரேடியோன்னதும் இன்னொண்ணு, இது டாக்ஸியிலேர்ந்து ரன்வேக்குப் போற கதை. 1996 நவம்பர் 19, இலினாய்ல குவின்ஸி, டவர் கிடையாது. பீச் 1900 ரக விமானம் ஒண்ணு பயணிகளோட இறங்க வருது, குறுக்க வெட்டுற இன்னொரு ரன்வேயில ஒரு கிங் ஏர் கிளம்ப நிக்குது, அதுக்குப் பின்னாடி செரோக்கின்னு ஒரு சின்ன விமானம். இறங்குறவங்க ரேடியோவுல, ரன்வே 4-ல நிக்கிறவரே, நீங்க காத்திருப்பீங்களா, இல்ல கிளம்புறீங்களான்னு கேட்டாங்க. பதில் சொன்னது பின்னாடி நின்ன செரோக்கி. அந்த நேரம் பார்த்து இறங்குறவங்க காக்பிட்ல தரை எச்சரிக்கைக் கருவி 'டூ ஹண்ட்ரட்'னு (தரைக்கு 200 அடி) கத்தி அந்தப் பதில்ல பாதியை முழுங்கிடுச்சு. கிங் ஏர்தான் காத்திருக்குதுன்னு இவங்க நம்பி இறங்கினாங்க, கிங் ஏர் ஓட ஆரம்பிச்சிருந்துச்சு. ரெண்டுலயும் சேர்த்து 14 பேர், ஒருத்தரும் பிழைக்கல. மோதல்ல சாகாதவங்க பீச் விமானத்துக்குள்ள இருந்தாங்க, கதவு திறக்க மாட்டேன்னு மாட்டிக்கிச்சு, வெளிய நின்னவங்க இழுத்துப் பார்த்தும் முடியல. பிறகு தீ.

என் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட இந்தக் கதையைச் சொல்லாம நான் சோலோ அனுப்புறதில்ல.

ப்ரிஸ்பேன்_பொடியன்:

நான் ப்ரிஸ்பேன் பக்கம் இருக்கிறன், யாழ்ப்பாணம் சொந்த இடம், சனி ஞாயிறில மட்டும் பறக்கிறனான். வாத்தியார் சொன்ன உந்தக் கதையைப் போல எங்கட பக்கமும் ஒண்டு நடந்தது, 2023 ஜூலை 28, கபூல்ச்சர். அங்கயும் டவர் இல்ல, ரெண்டு ரன்வே ஒண்டையொண்டு வெட்டிக்கொண்டு போகுது, நடுவில மரங்கள் நிக்கிறதால ஒரு ரன்வேயில நிண்டு பார்த்தா மற்றதில என்ன நடக்குதெண்டு தெரியாது.

கிளைடர் (இன்ஜின் இல்லாத பிளேன்) இழுக்கிற பாவ்னி பிளேன் ஒண்டு இறங்கிக்கொண்டிருக்கேக்க அதுக்கு முன்னால ஒரு செஸ்னா ரன்வேயைக் கடந்து டாக்ஸி பண்ணிக்கொண்டு போனதை பைலட் கண்டிட்டார், கண்டவுடன இறங்காமல் திரும்ப மேல எழும்பினார். அதே நேரம் மற்ற ரன்வேயில ஜபிரு எண்ட சின்ன பிளேன் ஒண்டு கிளம்பினது. ரெண்டும் மேல போய் முட்டினது, ஜபிருவில இருந்த ரெண்டு பேரும் மோசம் போயிட்டினம். பாவ்னி தப்பி இறங்கிட்டுது. ஆரையும் குறை சொல்ல நான் இதை எழுதேல்ல தம்பி, தரையில ஒருத்தர் ரன்வேயைக் கடக்கிறது வேற இடத்தில இருக்கிற ஆக்களை எப்பிடித் தொடுமெண்டு விளங்குறதுக்காகத்தான்.

பிறகு ஒரு கேள்வி. உங்கட ஃபீல்டில ரேடியோ இல்லாத பிளேன் வாறதில்லையோ? எங்கட கிளப்பில ஒரு பழைய டைகர் மோத் நிக்குது, அதுக்கு பிரேக்கே கிடையாது, ஆள் இறக்கையைப் பிடிச்சுத்தான் திருப்புறது. அது வெளிக்கிட்டா மற்ற எல்லாரும் ஒதுங்கி நிண்டு கை காட்டி அனுப்பிறது, கலியாண ஊர்வலம் மாதிரி 😊

சின்னமனூர்_சிறகு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். ப்ரிஸ்பேன் அண்ணா, இங்கயும் ரேடியோ இல்லாத ஒரு மஞ்ச கலர் கப் (பழைய குட்டி விமானம்) வரும், தாத்தா ஒருத்தர் ஓட்டுறார், அவர் வந்தா எல்லாரும் தானா அமைதியாயிடுவாங்க.

ராசா அண்ணா, ப்ரொப் எதுலயும் படல. இறக்கை அடியில மெக்கானிக் நீங்க சொன்ன மாதிரியே டார்ச் அடிச்சுப் பார்த்தார், சுத்தமா இருக்காம். 172-க்கு புது எலிவேட்டர் ஆர்டர் போட்டாச்சு.

வாத்தியார் அண்ணா, கோடு எங்க இருந்துச்சுன்னு கேட்டீங்கள்ல. ரெண்டு முட்டிக்கும் நடுவுலதான். இன்னிக்கு காலைல இன்ஸ்ட்ரக்டரும் நானும் டேப் எடுத்துட்டுப் போயி அளந்தோம். கோட்டுலேர்ந்து அந்த வால் நின்ன இடம் (தரையில கண்ணாடித் தூள் இன்னும் கிடந்துச்சு) 17 அடி 2 அங்குலம். ஆர்ச்சரோட பாதி இறக்கை 17 அடி 9 அங்குலம். அதாவது நான் முன் சக்கரத்தை அச்சு அசலா கோட்டு மேல வச்சிருந்தாலும் 7 அங்குலம் இடிச்சிருக்கும். அவர் கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துட்டு, இத்தனை நாளா இந்த வழியாத்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன்னார். அப்புறம் ஆபீஸ்ல சொல்லி அந்த வரிசையை இன்னிக்கே ரெண்டு அடி உள்ள தள்ளி கட்ட வச்சுட்டார்.

அப்பாகிட்ட சொல்லிட்டேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல"னு மூணு தடவை கேட்டார். அப்புறம், "ட்ராக்டர் ஓட்டும்போதே பின்னாடி கலப்பையைத் திரும்பிப் பாருடான்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்"னு ஆரம்பிச்சார், அரை மணி நேரம் ஓடுச்சு.

டெக்சாஸ்_வாத்தியார்:

அப்பா உங்க ஸ்கூல்ல வேலைக்கு வருவாரான்னு கேளு 😄 அந்த டேப்போட போட்டோ எடுத்தியா? 17-2, 17-9 ரெண்டையும் நாசா ஃபார்ம்ல அப்படியே எழுது. நாள் எத்தனை ஆச்சு?

சின்னமனூர்_சிறகு:

போட்டோ எடுத்தாச்சு ணா. 5 நாள் போச்சு, இன்னிக்கு ராத்திரி உக்காந்து எழுதி அனுப்பிடறேன். வியாழக்கிழமை திரும்ப ஆர்ச்சர்தான், ரேம்ப் தாண்டுற வரைக்கும் ரேடியோல கை வைக்கக் கூடாதுன்னு இன்ஸ்ட்ரக்டர் சொல்லிட்டார், அவரோட டேப்லெட்டும் பின் சீட்டுக்குப் போயிடுச்சு.